எடைமேடையில் ஐரோப்பா

மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி
நானூறு அடியில் எங்கள் எடைமேடை.
அறுபது டன் வரை தாங்கும்.
ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து
தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன்.
நான்காம் தாள்:
மறுமலர்ச்சி முதல் ஏகாதிபத்தியம் வரை.

லாரி ஏறும்போது மேசை ஒருதரம் குலுங்கும்.
ஃபிளாரன்ஸ் குலுங்கும்.
வட்டிக்கடைக்காரர்கள் ஓவியர்களுக்குச்
சுவர் பிடித்துக் கொடுத்த அத்தியாயத்தில்
டீ சிந்தி, மாதாவின் தோளில் ஒரு வட்டம்.

தூரத்தில் இருப்பதைச் சிறிதாக வரைய
அப்போதுதான் கணக்குக் கிடைத்ததாம்.
ஜன்னலில் பார்த்தேன்.
பொள்ளாச்சி ரோட்டின் இரண்டு ஓரமும்
புளியமரங்களோடு போய்
ஒரு புள்ளியில் கூடுகின்றன.
அந்தப் புள்ளியிலிருந்து ஒரு ஹெட்லைட் கிளம்பி
பெரிதாகிப் பெரிதாகி
என் முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது:
"சேச்சி, உறக்கமாணோ?"

என் பாடநூலில் பிரெஞ்சுப் புரட்சி கிடையாது.
பைண்டிங்கில் பதினாறு பக்கம் மாறி
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது.
அதனால் எனக்கு மட்டும்
லூயி ராஜாவின் தலை இன்னும் கழுத்தில் இருக்கிறது.
ரசீது கேட்டு வாங்குங்கள் என்று முடிகிற பக்கத்துக்கு அடுத்து
நெப்போலியன் ரஷ்யப் பனியில் திரும்பி நடக்கிறான்.
பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன்.
அந்தப் பகுதியில் கேள்வி வராது என்றும் பதில் இல்லை,
வரும் என்றும் இல்லை.

கடல்மேல் ஒரு கோடு இழுத்து
இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று
இரண்டு ராஜ்ஜியங்கள் கையெழுத்திட்டது
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று நான்கில்.
இது மட்டும் படிக்காமலே மனப்பாடம்.
எங்கள் பின்புறத் தோப்பில்
தென்னை நிற்பது கேரளத்தில்,
தேங்காய் விழுவது தமிழ்நாட்டில்.
பொறுக்குகிற செலஸ்தீனுக்கு
ரேஷன் இந்தப் பக்கம், சம்சாரம் அந்தப் பக்கம்.

என் வேலை சுலபம்.
வெறும் வண்டியின் எடை முதலில்.
பாரத்தோடு எடை பிறகு.
கழித்தால் சரக்கு.

கப்பல்களுக்கும் யாரோ கழித்திருக்கிறார்கள்.
மிளகு இத்தனை குவிண்டால் என்று
லிஸ்பன் துறையில் எழுதிய குமாஸ்தாவின் பெயர்
எந்தப் பக்கத்திலும் இல்லை.
காங்கோ பாடத்தில் ஒருவன் வருகிறான்,
கப்பல் கம்பெனியில் பேரேடு பார்த்தவன்:
வருவதெல்லாம் ரப்பர், தந்தம்.
போவதெல்லாம் துப்பாக்கி.
அப்படியானால் கூலி எங்கே என்று கேட்டானாம்.
அந்த வரியை மட்டும் பென்சிலால் கோடிட்டிருந்தேன்.

புதன்கிழமை, ராத்திரி ரெண்டேகால்.
கிணத்துக்கடவு எம்-சாண்ட், பன்னிரண்டு டயர்.
ஷைஜு இறங்கி வந்தான்.
"நாலு டன் குறச்சா மதி, சேச்சி."
ஐநூறு ரூபாய் நோட்டை
திறந்திருந்த புத்தகத்தின் நடுவில் வைத்தான்.
பெர்லின் மாநாடு.
மேசையைச் சுற்றிப் பதினான்கு நாடுகள்,
ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவரும் இல்லை.
முப்பத்தொன்பது என்றது திரை.
முப்பத்தைந்து என்று அடித்தேன்.
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.
புத்தகத்தை மூடினேன்,
நோட்டு அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று.

தேர்வு கோயமுத்தூரில்,
ஃபேன் ஓடாத ஹால்.
ஏகாதிபத்தியத்தின் காரணங்களை விவரி,
பதினைந்து மதிப்பெண்.
மூலப்பொருள், சந்தை, தேசப்பெருமை, மதம்
நான்குக்கும் துணைத்தலைப்பு, கறுப்பு மையில் அடிக்கோடு.
ஐந்தாவதாக ஒன்று எழுதினேன்:
எடை போட்டவர்களுக்கும் மாசக் கடைசி இருந்தது.
எழுதி, அடித்தேன்.
ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கும்படி.

பத்து மார்க்குக்குப் பிரெஞ்சுப் புரட்சியும் வந்துவிட்டது.
தலை போனதுவரை காதில் விழுந்திருக்கிறது,
அதை எழுதினேன்.
மீதிக்கு ரொட்டி விலையை நானே ஏற்றிக்கொண்டேன்.
ஐந்து மணி பஸ்ஸில் நின்றுகொண்டே பொள்ளாச்சி.
பத்துக்கு ஷிப்ட்.